இன்னும் ஒருத்தர் இருக்காங்க

கோமதித்தாய் முதலில் போனை வைத்து யாரும் பார்த்ததில்லை. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று சென்னையிலிருந்து எவனாவது கூப்பிடுவான். வேண்டாம் என்று சொல்லித் துண்டிக்க நமக்கெல்லாம் மூன்று விநாடி போதும். இவள் வேண்டாம் என்பாள், அவன் நன்றி என்பான், இவளும் நன்றி என்பாள். அதற்கப்புறம் அவன் வைக்கிற வரைக்கும் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை அந்த ஆள் வைக்க மறந்துவிட்டுப் பக்கத்துச் சீட்டுக்காரனோடு பேச ஆரம்பித்துவிட்டான். இங்கே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, இவள் யாரோ இரண்டு பேர் டீ குடிக்கப் போவதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"ஏட்டி, வச்சுத் தொலையேன்" என்று கத்தினேன்.

"அவங்க இன்னும் லைன்ல இருக்காங்கக்கா" என்றாள்.

நான் சுமதி. ராஜபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஆறு வீடுகள் கொண்ட காம்பவுண்டில் அவளுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது எனக்குத் தெரியும், என் வீட்டில் நான் யாரைத் திட்டினேன் என்பது அவளுக்குத் தெரியும். அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. எனக்குக் கோபம் சட்டென்று வரும், எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கோமதித்தாய்க்கு ஊர் பனவடலிசத்திரம். தகப்பன் இறந்த மறு வருஷம், அவளுக்கு ஆறு வயதாகும்போது, அம்மா தங்கத்தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பிள்ளையைப் பெரியம்மா வீட்டில் விட்டாள். அந்தத் தெருவில் போன் இருந்தது உரக்கடையில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அந்த எண்ணுக்குக் கூப்பிடுவாள். இரண்டு நிமிஷம், போனால் மூன்று நிமிஷம். "நல்லா இருக்கியா, சாப்ட்டியா, பெரியம்ம சொல்லுத மாதிரி கேளு." அவ்வளவுதான் பேச்சு. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் அறுந்துவிடும்.

அதுவும் எல்லா ஞாயிறும் வராது. இரண்டு வாரம் தொடர்ந்து வரும், மூன்று வாரம் வராது. அங்கே எஜமானியம்மாள் என்றைக்கு மனசு வைத்தாளோ அன்றைக்குத்தான் தங்கத்தாய்க்குப் போன் கிடைக்கும். அது ஆறு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மஞ்சள் கவுன் போட்ட வாரம் போன் வந்தது என்று மஞ்சள் கவுனையே போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். உர மூட்டை மேல் உட்கார்ந்தால் மதியம் கடை சாத்துகிற வரை எழுந்திருக்க மாட்டாள். தண்ணீர் குடிக்கப் போக மாட்டாள், ஒன்றுக்குப் போக மாட்டாள். ஒரே ஒரு தடவை அடக்க முடியாமல் எழுந்து போனாள். திரும்பி வந்தால் கடைக்காரர் சொன்னார், "இப்பதாம்மா ஒங்கம்ம பேசுனா. பிள்ள இல்லையேன்னு சொன்னேன், வச்சிட்டா." அதற்குப் பிறகு இரண்டு மாதம் போனே வரவில்லை. தான் எழுந்து போனதால்தான் அம்மா கோபித்துக்கொண்டாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இதையெல்லாம் அவள் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவளுக்குப் பதினான்கு வயதாகும்போது அம்மா திரும்பி வந்தாள். சென்ட் வாசனையும் பெரிய பெட்டியுமாக ஒரு பொம்பளை வந்து நின்றாளாம். ஒரே வீட்டில் ஆறு வருஷம் இருந்தார்கள், இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. கல்யாணம் செய்து கொடுத்துவிட்டு, கொஞ்ச காலத்தில் அந்தம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

அங்கன்வாடிக்கு வருகிற பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் புரிந்துவிடும். சாயங்காலம் அம்மா வந்ததும் சில பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டும், ஒரு முத்தம் வாங்கும், உடனே திரும்பி வந்து விட்ட விளையாட்டைத் தொடரும். அதுகளைப் பற்றிக் கவலையில்லை. சிலது அம்மாவைக் கண்டதும் வீறிட்டு அழும், தூக்கினாலும் அழும், இறக்கினாலும் அழும், முந்தானையைப் பிடித்த பிடி விடாது. இன்னும் சிலது அம்மா வந்ததையே பார்க்காத மாதிரி கட்டையை அடுக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளை சமத்து என்று எல்லாரும் சொல்லுவார்கள். பயிற்சிக்குப் போனபோது ஒரு மேடம் சொன்னார், அது சமத்து இல்லை, கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் இனிக் கேட்பதில்லை என்று நிறுத்திக்கொண்ட பிள்ளை என்று. பெரியவர்கள் ஆனாலும் இதுகள் இப்படியேதான் இருக்குமாம், கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் மாறுமாம்.

முந்தானையை விடாத பிள்ளை கோமதித்தாய். கட்டை அடுக்குகிற பிள்ளை அவள் புருஷன் பெத்துராஜ். எந்தச் சாமி சேர்த்து வைத்ததோ தெரியவில்லை.

பெத்துராஜ் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். சேலைக் கட்டு ஏற்றிக்கொண்டு கடையநல்லூர், திருவேங்கடம் என்று போவான். குடி கிடையாது, அடி கிடையாது, சம்பாதிப்பதை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான். கல்யாணமான புதிதில் அவன் வண்டியில் போனால் இவள் பத்துத் தடவை கூப்பிடுவாள். எங்க இருக்கீங்க, சாப்ட்டீங்களா, ஏன் எடுக்கல, கோவமா. அவன் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு ஓட்டுவான். வீட்டுக்கு வந்தால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, எந்த நாட்டிலோ கிணறு தோண்டுகிற வீடியோவையும் கப்பல் கட்டுகிற வீடியோவையும் பார்ப்பான். இவள் எதிரில் நின்று பேசினால் "ம்" என்பான். அவனுக்குப் போன் என்பது சாத்திக்கொள்கிற கதவு. இவளுக்கு அது திறந்தே வைத்திருக்கிற கதவு. இரண்டு பேரும் நாள் முழுக்க அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்டாவில் அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. சேலைக்குக் குஞ்சம் கட்டுவதில் அவளுக்குக் கை ராசி. முந்தானை ஓரத்தில் முத்துக் கோத்து, பட்டு நூலில் மணி மணியாக அவள் கட்டுகிற குஞ்சத்தைப் பார்த்தால் சேலையைவிட அதுதான் கண்ணில் படும். நான்கு ஊருக்குத் தெரிந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். கட்டுகிறபோதே லைவ் போடு என்று சொன்னதும் நான்தான்.

முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் எங்கள் காம்பவுண்டு. அவள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, "வாங்க வாங்க, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரலுக்கே ஆட்கள் சேர்ந்தார்கள். கோயம்புத்தூர், துபாய், சிங்கப்பூர் என்று அறுபது எழுபது பேர் உட்கார்ந்து அவள் கட்டுவதைப் பார்த்தார்கள். ஆர்டரும் வந்தது. ஒரு வருஷம் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அப்புறம் ஆட்கள் குறைந்தார்கள். இன்ஸ்டாவில் யார் யாரோடு நிரந்தரமாக இருந்திருக்கிறார்கள்? அறுபது இருபதானது, இருபது ஆறானது. ஆனால் இவள் போடுகிற நேரம் குறையவில்லை, கூடியது. மூன்று மணிக்கு ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் ஒருவர் இருக்கிற வரைக்கும் அவளால் முடிக்க முடியாது. "இன்னும் ஒருத்தர் இருக்காங்கக்கா, மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படி வைக்கது?" என்பாள். நூலைக் கோத்துவிட்டு ஒரு தடவை எண்ணிக்கையைப் பார்ப்பாள். முடிச்சுப் போட்டுவிட்டு ஒரு தடவை பார்ப்பாள். ஆறு ஐந்தாகிவிட்டால் போனது யார், தான் என்ன சொன்னோம் என்று முகம் செத்துவிடும். ஒரு நாளில் முடிக்கிற சேலை மூன்று நாள் இழுத்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போடுகிற சத்தம் லைவில் கேட்டுவிடுமோ என்பதுதான் இவளுக்குக் கவலை.

"விட்ருட்டி. ஒரு வாரம் போடாம இருந்து பாரு" என்று நான் சொல்லாத நாளில்லை.

"முடியலக்கா. போடலன்னா நெஞ்சு அடச்சிக்கிடுது. நாம இல்லாத நேரம் யாராவது தேடி வந்திருப்பாங்களோன்னு இருக்கு. எனக்கே பிடிக்கல, ஆனா எந்திரிக்க முடியல."

அதைச் சொல்லும்போது அவள் அழுதாள். நடிப்பு இல்லை. பிடிக்காமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

புருஷன் பெண்டாட்டி எப்படியும் போகட்டும். என் கவலையெல்லாம் ப்ரியதர்ஷினி. அவர்களுக்கு ஒரே மகள், எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு ஐந்து மணிக்கு வருவாள். முன்னறையில் லைவ் ஓடும். கேமராவுக்குக் குறுக்கே போகக்கூடாது, குக்கர் வைக்கக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது. அந்தப் பிள்ளை கையாலேயே பேசக் கற்றுக்கொண்டது. வயிற்றைத் தொட்டுக் காட்டினால் பசி. கோமதித்தாய் போனைப் பார்த்துச் சிரித்தபடியே இடது கையை விரித்துக் காட்டுவாள், பொறு என்று. அதே நேரம் வாய், "வாங்க நியாஸ் அகமது அண்ணாச்சி, துபாய்ல வெயிலா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். பிள்ளை சுவரோரமாக ஒட்டிப் பின்னறைக்குப் போய்விடும். இப்படியே இரண்டு வருஷம் போனால் இதுவும் தகப்பனைப் போலக் கதவைச் சாத்திக்கொள்ளும், அதற்கப்புறம் கோமதித்தாய் தலையை மோதினாலும் திறக்காது. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

போன சித்திரையில் அவள் லைவுக்குப் புதிதாக ஒருவர் வர ஆரம்பித்தார். பேர் சின்னச்சிட்டு. படத்தில் ஒரு சிட்டுக்குருவி. தினமும் ஐந்தே காலுக்கு வரும், கடைசி வரை இருக்கும்.

"அம்மா நான் வந்துட்டேன்" என்று எழுதும்.

"வாடா தங்கம். முகம் கழுவுனியா? சாப்ட்டியா?" என்று இவள் உருகுவாள்.

"கணக்குல முப்பத்தெட்டு மார்க்தான்மா."

"அதனால என்ன மக்கா, அடுத்த பரீட்சைல எடுத்துக்கிடலாம். அழாத, என்ன?"

என்னிடம் பெருமையாகச் சொல்லுவாள். "யார் பெத்த பிள்ளையோக்கா. அது வீட்ல யாரும் அதுகிட்டப் பேச மாட்டாங்களாம். நான் சாப்ட்டியான்னு கேட்டாதான் சாப்பிடுமாம். அது போற வரைக்கும் நான் எப்படிப் போறது?"

சின்னச்சிட்டு போகாது. மற்றவர்கள் எல்லாம் போன பிறகும் அது ஒன்று மட்டும் இருக்கும். இவள் அது போகட்டும் என்று இருப்பாள், அது இவள் முடிக்கட்டும் என்று இருக்கும். எட்டு, எட்டரை என்று இழுக்கும். வீட்டில் அடுப்பு எரியாது. பெத்துராஜ் கடையில் புரோட்டா வாங்கி வருவான்.

சித்திரை முடிவதற்குள் ஒரு நாள் காயப்போட்ட துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லில் ப்ரியா உட்கார்ந்திருந்தாள், கையில் அவள் அப்பாவின் பழைய போன், கண்ணாடி கீறல் விழுந்தது. முன்னறையிலிருந்து கோமதித்தாயின் குரல் கேட்டது, "என்னடா தங்கம், இன்னிக்கு அமைதியா இருக்க?" சில விநாடி கழித்து அதே குரல், அதே வார்த்தை, சின்னதாக அந்தப் போனிலிருந்து வந்தது. ப்ரியா எழுதினாள். "தலைவலிம்மா." முன்னறைக் குரல் பதறியது. "ஐயையோ, தைலம் தேச்சியா?"

நான் துணியைக் கீழே போட்டுவிட்டேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். திருடி அகப்பட்டவள் மாதிரி போனைப் பாவாடைக்கு அடியில் ஒளித்தாள்.

"ஏட்டி, நீயா?"

"அத்தை, சொல்லிராதீங்க."

"ஏன் சொல்லக்கூடாது? இப்பவே போய் ஒங்கம்மா போனத் தூக்கி எறியப்போறேன்."

"சொன்னா அம்மா பொறவு சிட்டுகிட்டயும் பேச மாட்டா." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும் அத்தை."

பதிமூன்று வயசுப் பிள்ளை கிழவி மாதிரி கெஞ்சினால் என்ன செய்வது? இருப்பதையும் பிடுங்கிவிடுவோமோ என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன். ஆடித்தபசுத் திருவிழா வந்தது, போனது, ஆவணியும் பிறந்தது. தினமும் சாயங்காலம் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் மகளும் உட்கார்ந்து, ஒருவருக்காக ஒருவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு என் வீட்டில் சட்டி பானையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை. என் தங்கை மகள் கல்யாணச் சேலைக்குக் குஞ்சம் கட்டக் கொடுத்திருந்தேன், எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். கோமதித்தாய் லைவில் இருந்தாள். கேமராவில் படாமல் கதவோரம் உட்கார்ந்தேன். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தே காலைத் தாண்டியும் சிட்டு வரவில்லை. இவள் போட்ட முடிச்சையே அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு வந்தது.

"வாடா என் செல்லம். ஏன் லேட்டு?"

அப்புறம் ஒரு வரி வந்தது. எதுவானாலும் சத்தமாக வாசிப்பது இவள் பழக்கம். "அம்மா எனக்குப் பயமா இருக்கு" என்று வாசித்தாள். "என்னாச்சு மக்கா?" என்று குனிந்தாள். அடுத்தது வந்தது. "வயிறு வலிக்கி. பாவாடையெல்லாம் ரத்தம்" என்று பாதி வாசித்து மீதியை விழுங்கினாள்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. எழுந்து பின்பக்கம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இப்போதாவது இவளுக்குத் தானாகப் புரியட்டும் என்று ஒரு ஆத்திரம். அதற்காக இன்றைக்கும் என்னை நான் திட்டிக்கொள்கிறேன்.

கோமதித்தாய் நூலைக் கீழே வைத்தாள். அவள் குரல் அவ்வளவு இதமாக வந்தது. "பயப்படாத தங்கம். ஒண்ணுமில்ல. எல்லாப் பொம்பளப் பிள்ளைக்கும் வாரதுதான். நீ பெரிய மனுஷி ஆயிட்ட. அழக்கூடாது, சந்தோஷப்படணும், என்ன?"

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். கோயம்புத்தூர்க்காரி வாழ்த்துகள் என்று எழுதினாள்.

"இதெல்லாம் இங்கன எழுதக்கூடாதுடா. ஊரே பாக்கும். நீ போன வச்சிட்டு ஒங்க அம்மாகிட்டப் போயிச் சொல்லு. பெத்தவகிட்டதான் மொதல்ல சொல்லணும், அதுதான் மொற. அம்மா வீட்ல இருக்காங்கல்லா?"

"இருக்காங்க."

"பொறவென்ன? போ, சொல்லு."

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

இந்தத் தடவை பதில் மெதுவாக வந்தது. கோமதித்தாய் வழக்கம்போல வாசித்தாள். "ஒங்க அம்மாகிட்டப் போயிச் சொல்லுன்னு சொல்லுதாங்க."

வாசித்துவிட்டுச் சிரித்தாள், புரியாமல். இரண்டாவது தடவை வாசித்தாள், சத்தமில்லாமல். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. "பின்னால பாத்ரூம்லதான் நிக்கேன்மா."

அவள் எழுந்த வேகத்தில் நூல்கண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. நான் அவள் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். பாத்ரூம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கோமதித்தாய் இரண்டு கையாலும் தட்டினாள். "ப்ரியா. ஏட்டி ப்ரியா."

உள்ளேயிருந்து பிள்ளை சொன்னாள், "லைவ்ல ஆளு இருக்காங்கல்லா. முடிச்சிட்டு வாம்மா. நான் நிக்கேன்."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தினமும் அப்படித்தான் இருந்து பழகியிருந்தாள், அப்படியே சொன்னாள். கோமதித்தாய் அந்த ஈரத் தரையிலேயே கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

கதவு திறந்ததும் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் போனில் அத்தனை சொன்னவளுக்கு, மகள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. "துணிய நனைச்சு வச்சியா?" என்று கேட்டாள். அதுவும் அதட்டுகிற மாதிரி இருந்தது.

"ம்" என்றாள் ப்ரியா.

பெத்துராஜின் அக்கா திருவேங்கடத்திலிருந்து வந்து முறைப்படி தண்ணீர் ஊற்றினாள். பின்னறையில் ஒரு மூலையில் பாய் விரித்து, தனித் தட்டு தனி டம்ளர் வைத்துப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். பெத்துராஜ் அன்றைக்கு இயர்போனைக் கழற்றிவிட்டு வந்து, "என்ன வாங்கணும்?" என்று கேட்டான். உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், வளையல் என்று சொன்னதை எல்லாம் வாங்கி வைத்தான். மகளைப் பார்க்க வாசற்படி வரை வந்து, நின்று, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கோமதித்தாய் போனை அணைத்து என் கையில் கொடுத்தாள். "ஒங்ககிட்ட இருக்கட்டும்க்கா. நான் கேட்டாலும் தராதீங்க." எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வழியாக விடிந்தது என்று நினைத்தேன்.

எட்டு நாள் போனது. அந்த எட்டு நாளும் நான் பார்த்தது சந்தோஷமான காட்சி இல்லை. காலையும் மாலையும் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றி, மகளுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பாள். வைத்துவிட்டு நிற்பாள். பிள்ளை நிமிர்ந்து பார்ப்பாள், ஏதாவது சொல்ல மாட்டாளா என்று. "ஒழுங்காத் தின்னு, மிச்சம் வைக்காத" என்று வரும். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அடுத்த வேளை, "தலய வாரக் கூடாதா? பேய் மாதிரி இருக்க." ஒவ்வொரு தடவையும் அடுப்படிக்குத் திரும்பி வந்து தன் வாயிலேயே அடித்துக்கொள்வாள். உள்ளே பிள்ளை சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அந்தப் பழைய போன் தலைமாட்டில் இருந்தது, அவள் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் கோமதித்தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. போனுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஏசுவதற்குத் தயாராகவே எழுந்தேன்.

"லைவ் வேண்டாம்க்கா. அது போட்டும்" என்றாள். "எனக்குச் சிட்டு வேணும்."

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? சிட்டு ஒம் மகதானட்டி! அந்தா, பின்னறையில உக்காந்திருக்கா. போய்ப் பேசு!"

"தெரியும்க்கா. எனக்குத் தெரியாதா?" அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ப்ரியாகிட்ட எனக்குப் பேச வரல. சிட்டுகிட்ட வருது. நேர்ல நிக்க பிள்ளைகிட்ட எப்படிப் பேசணும்னு எனக்கு யாரும் பேசிக் காட்டல. நான் என்ன செய்ய?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இவளையா, குவைத்தில் இருந்தவளையா, கணக்குத் தொடங்கிக் கொடுத்த என்னையா? அவளை அங்கேயே விட்டுவிட்டு, பதில் சொல்லாமல் அவர்கள் வீட்டுப் பின்னறைக்குப் போனேன்.

என் வீட்டில் பேசியதை அந்தச் சுவர் எங்கே மறைக்கும்? ப்ரியா எல்லாம் கேட்டிருந்தாள். பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், எண்ணெய்த் தலை, மடியில் அந்தப் பழைய போன்.

"அத்தை" என்றாள். "சிட்டு வாரேன்னு சொன்னாள்னு அம்மாகிட்டச் சொல்லுங்க."

"ஏட்டி, நீயுமா? எந்திரிச்சு அவ மூஞ்சப் பாத்து ஏசு. அழு. என்னத்தையாவது செய்யி."

அவள் தலையை ஆட்டினாள். "அம்மா பயந்துருவா" என்றாள். "ஆனா வேற யாரும் இருக்கக்கூடாது. நான் மட்டும்தான். அப்படின்னாதான் வருவேன்னு சொல்லுங்க" என்றாள்.

நான்கு எட்டு நடந்து என் வாசலுக்கு வந்தேன். கோமதித்தாய் வைத்த கையை நிலையிலிருந்து எடுக்கவில்லை. மகள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.